முதன்மை விண்ணப்பதாரரின் கணவர்

செப்டம்பர் 9, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. கோவையில் வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து இந்தப் பண்ணை வீட்டுக் கதவைத் திறந்தது வரை நாற்பத்து நான்கு மணி நேரம். கால் இரண்டும் வீங்கிவிட்டன.

நாடு உருகுவே. ஆறு மாதத்துக்கு முன் யாராவது இந்தப் பேரைச் சொல்லியிருந்தால் பந்து விளையாடுகிற ஊர்தானே என்றிருப்பேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இப்போது இங்கே குடியேறலாமா என்று பார்க்க வந்திருக்கிறேன். வசதியுள்ளவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து இங்கே வந்து செட்டில் ஆகிறார்களாம். அமைதி, நல்ல காற்று, வரிச் சலுகை. பிரசன்னாதான் கண்டுபிடித்தான். என் மகன். சென்னையில் ஓர் ஆலோசகரைப் பிடித்து, வீடு பார்த்து, போக வர டிக்கெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டான். "ஒரு மாசம் இருந்து பாருங்கப்பா, அவசரமே இல்லீங்க" என்றான். எத்தனை பிள்ளைகளுக்கு இந்த அக்கறை வரும்?

ஆலோசகர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். தினமும் மனதில் படுவதை எழுதி வைத்து, கடைசியில் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமாம். நான் சென்னியப்பன். முப்பத்தொன்பது வருடம் தண்ணீர் பம்பு செய்து விற்றவன். நாட்குறிப்பு எழுதி வழக்கமில்லை. பார்ப்போம்.

கூட வந்திருப்பது என் சம்சாரம்; வீட்டில் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வீட்டில் களைத்துப் போய்த் தூங்குகிறாள்.

செப்டம்பர் 11, வியாழன்

இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. நிஜமாகத்தான். மத்தியானம் வாசலில் நின்று பார்த்தேன். கிழக்கில் உதிக்கிறது, வடக்கே சாய்ந்து ஏறி, மேற்கில் இறங்குகிறது. அப்படியென்றால் இந்த ஊரில் எந்த மூலை ஈசானியம்? தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது? நம் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டேன். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார்.

செப்டம்பர் மாதம் இங்கே வசந்த காலம். குளிர் நடுக்குகிறது. இதை வசந்தம் என்கிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்று எழுத ஆரம்பித்தேன். மின்சாரம் நம் ஊரைப் போலவே இருநூற்றுச் சொச்சம் வோல்ட், ஐம்பது சைக்கிள். நம் மோட்டார் அப்படியே ஓடும். நல்லது. "இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது." இதையும் நல்லதில் எழுதினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்காரம்மா பெயர் நெலிதா. எழுபது இருக்கும். கணவர் போய்விட்டார். நூற்றிருபது ஆடு வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே பம்பு.

இன்று எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சுரைக்குடுக்கை ஒன்றில் ஏதோ இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். மாத்தே என்று பெயர். அதில் ஓர் உலோகக் குழல் செருகியிருக்கிறது. அவள் உறிஞ்சினாள். மறுபடி வெந்நீர் ஊற்றினாள். அதே குழலோடு என்னிடம் நீட்டினாள்!

எங்கள் வீட்டில் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதே கிடையாது. வயிறு சரியில்லை என்று சைகை காட்டித் தப்பித்தேன். வீட்டிலும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள். போனில் மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். நெலிதா "மயிலா, மயிலா" என்கிறாள். முதலில் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி ஒன்று. ஒரு மாதத்துக்குக் கவுச்சி கிடையாது. அதை இந்த ஊரில் ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வீடு மாட்டை நெருப்பில் வாட்டுகிறார்கள். மணம் வீட்டுக்குள் வருகிறது.

டவுனில் ரொட்டிக் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த பெண் இவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். என்ன வேண்டும் என்றுதான் கேட்டிருப்பாள். இவள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் நாலு பேர். "ஏதோ ஒண்ணு சொல்லு புள்ள" என்றேன். "என்ன வேணும்னு தெரியலீங்க" என்றாள். கடைசியில் நானே இரண்டைக் காட்டி வாங்கினேன். வெறும் ரொட்டிக்கு இத்தனை யோசனை.

செப்டம்பர் 20, சனி

வீடு காட்டுகிற ஏஜெண்ட் ஒருவன் என்னை மதில் போட்ட ஒரு காலனிக்கு அழைத்துப் போனான். வெளிநாட்டுப் பணக்காரர்கள் மட்டும் இருக்கிற இடம். உள்ளே ஏரி, குதிரை லாயம், வாசலில் துப்பாக்கியோடு காவல். மத்தியானம் விருந்து. ஒரு ஜெர்மன்காரர், ஓர் அர்ஜென்டினாக்காரர், கனடாவிலிருந்து ஒரு தம்பதி. எல்லோருக்கும் இங்கிலீஷ் வந்தது. ஜெர்மன்காரர் என் தட்டில் இருந்த தக்காளியையும் கீரையையும் பார்த்துவிட்டு, "நீங்கள் எதிலிருந்து ஓடி வந்தீர்கள்?" என்று கேட்டார். அங்கே அதுதான் அறிமுகக் கேள்வியாம். அவர் வரியிலிருந்து, அர்ஜென்டினாக்காரர் அரசாங்கத்திலிருந்து, கனடாக்காரர் பனியிலிருந்து.

நான் ஓடி வரவில்லை, கம்பெனியை மகன் பார்த்துக்கொள்கிறான் என்றேன். "ஓ" என்றார்கள். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே யாரும் நான் உட்காரும்வரை நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. சும்மா எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் "யாருக்கும் என்னைத் தெரியாது" என்பதை அடித்துவிட்டு, கெட்டதில் எழுதினேன். அந்த வரி அங்கேயும் சரியாக உட்காரவில்லை.

திரும்பி வந்தால் இவள் நெலிதாவோடு அடுப்படியில் உட்கார்ந்து அந்தக் குழலில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். "எச்சிலில்லையா?" என்றேன். "கொதிக்கக் கொதிக்க இருக்குதுங்க, என்ன எச்சில்" என்கிறாள். முப்பத்தேழு வருடமாக என் டம்ளரைக்கூட வாயில் வைக்காதவள்.

செப்டம்பர் 22, திங்கள்

பிரசன்னா போன் செய்தான். "ஊரு புடிச்சிருக்குதுங்களாப்பா?" என்றான். தினமும் இதே கேள்வி. நவராத்திரி தொடங்குகிறதே, ஆயுத பூஜைக்கு ஏற்பாடு எப்படி என்றேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான்.

டிக்கெட்டைப் பார்த்தேன். திரும்புவது அக்டோபர் எட்டு. ஆயுத பூஜை ஒன்றாம் தேதி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலண்டரைப் பார்ப்பதே இல்லை.

என் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. கோவை கணபதியில் ஒரு தகரக் கொட்டகையில் ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்தேன். ஆட்கள் அதை மூத்தவன் என்பார்கள். முதல் பொட்டு மூத்தவனுக்கு, என் கையால். பிறகுதான் மற்ற மிஷின்களுக்கு. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் விடியும்வரை தொடக்கூடாது. என் வீட்டு மோட்டாருக்கும் அதே சட்டம். பம்பு செய்கிறவன் வீட்டில் அன்றைக்குப் பம்பு ஓடினால் என்ன மரியாதை? அன்று மத்தியானம் ஆட்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முப்பத்தேழு வருடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குறைந்தது கிடையாது.

செப்டம்பர் 25, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். சில்வினா என்று பெயர். நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள். குடியுரிமை இல்லை, முதலில் தங்கும் உரிமை. அதற்கு நிரந்தர வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும். நான் கொண்டுவந்த காகிதக் கட்டைப் புரட்டினாள். அவினாசி ரோட்டுக் கட்டடம், அதில் வரும் வாடகை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்கள் மனைவி பெயரில் இருக்கிறதே" என்றாள்.

ஆமாம், ஆடிட்டர் சொன்னபடி அப்போதே அவள் பெயரில் போட்டது. நம் ஊரில் யார்தான் போடவில்லை? என் பெயரில் கம்பெனிப் பங்கு இருந்தது. அதைச் சித்திரையில் பிரசன்னாவுக்கு மாற்றிக் கொடுத்தேன். காகிதங்களைக் கொண்டுவந்து, "சும்மா ஒரு பார்மாலிட்டிங்கப்பா" என்று விரலை வைத்துக் காட்டினான். போட்டேன். படிக்கிற கண்ணாடி மாடியில் இருந்தது.

"அப்படியானால் முதன்மை விண்ணப்பதாரர் இவர்தான். நீங்கள் விண்ணப்பதாரரின் கணவர்" என்றாள் சில்வினா. சிரித்துவிட்டேன். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

திரும்பி வரும்போது காரில் இவள் கேட்டாள்: "அந்தக் காம்ப்ளெக்ஸ் எம் பேர்லயாங்க இருக்குது?"

"பன்னெண்டு வருசமா."

"நான் கையெழுத்துப் போட்டனாங்க?"

"போடாம எப்படி? நான் எடங் காட்டினேன், நீ போட்டே."

"ஓ" என்றாள். வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே புல்லைத் தவிர ஒன்றுமில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வாஸ்துக்காரர் கூப்பிட்டார். "அந்த ஊரு தெசை எனக்குப் புடிபடலீங்க, மன்னிச்சுக்குங்க." எனக்கும்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்று நாளாகப் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நெலிதா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பம்புக்குள் ஊற்றி ஓட விடுகிறாள். டவுனிலிருந்து மெக்கானிக் வர இரண்டு வாரமாகுமாம். நாளை ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க ஆறு பேர் வருகிறார்கள். அந்தத் தேதி மூன்று மாதத்துக்கு முன்பே முடிவானது, மாற்ற முடியாது.

எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கிற ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. ஏறின தண்ணீர் திரும்ப இறங்கிவிடுகிறது. நான் தொழிலை ஆரம்பித்ததே ஃபுட் வால்வில்தான். குழாயை மேலே இழுக்க வைத்தேன். உள்ளே ரப்பர் நைந்து போயிருந்தது. பழைய டிராக்டர் டியூபைக் கத்தரித்து, அளவெடுத்து, புதிது போட்டேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் குபுகுபுவென்று வந்தது. நெலிதா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள். வீட்டில் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை.

ஆறு மாதமாகிறது, என் கை இப்படிக் கறுத்து. சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதலாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை.

காலையில் குளித்துவிட்டுப் பம்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஸ்பானர், கட்டிங் பிளேயர், நெலிதாவின் பழைய ஆட்டுக் கத்தரிகள் இரண்டு, எல்லாவற்றுக்கும் பொட்டு. சுவிட்சுக்கும் ஒன்று. கற்பூரம் வீட்டில் கொண்டுவந்திருந்தாள். வாசலில் ஒரு பூசணிக்காயை உடைத்தேன். சிவப்பைப் பார்த்து, வந்துகொண்டிருந்த வண்டி தூரத்திலேயே நின்றுவிட்டது. கத்தரிக்கிற ஆட்கள். ஏதோ விபத்து என்று நினைத்தார்களாம்.

எட்டு மணிக்கு லூர்துசாமி போனில் படம் காட்டினான். என் பழைய போர்மேன். அங்கே சாயங்காலம் நாலரை. வாழை மரம், தோரணம், எல்லாம் ஜோர். பிரசன்னா வேட்டியில் நன்றாக இருந்தான். பக்கத்தில் கோட் போட்ட யாரோ ஒருவர். முதல் பொட்டைப் புதிய கம்ப்யூட்டர் மிஷினுக்கு வைத்தான்.

"மூத்தவனைக் காட்டு லூர்து" என்றேன்.

"இந்தப் பக்கம் லைட்டு சரியில்லீங்க மொதலாளி."

"காட்டுப்பா."

"சிக்னலு விட்டு விட்டு வருதுங்க மொதலாளி. பொறகு கூப்பிடறனுங்க."

கட்டாகிவிட்டது. கேமரா கோணத்தில் மூத்தவன் விழவில்லை போலிருக்கிறது. அவன் எப்போதும் தெற்கு மூலையில்தான்.

இங்கே தண்ணீர்த் தொட்டி சின்னது. பத்து மணிக்கே காலி. ஆட்டுப் பட்டிக்கு, ஆட்களுக்கு, சமையலுக்கு, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். நெலிதா சுவிட்சுக்கு வந்தாள். நான் குறுக்கே நின்றேன். நாளைக் காலையில்தான் போடலாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வீட்டில் போனை வைத்துக்கொண்டு விளக்கினாள். "இன்றைக்கு ஓட்டினால் மிஷின் கெட்டுப்போகுமா?" என்று கேட்டாளாம். கெடாது, அதற்கு இன்றைக்கு ஓய்வு என்று இவள் சொல்லியிருக்கிறாள். நெலிதா பம்பைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரியென்று தலையாட்டிவிட்டுக் கொட்டகையிலிருந்து கயிற்றையும் வாளியையும் எடுத்து வந்தாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு பேரும் கிணற்றில் சேந்த ஆரம்பித்தார்கள். நான் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சட்டம் சட்டம்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒன்றைக் கவனித்தேன். நெலிதா பெரிய வாளியை நிறைய நிறைய இழுத்து, பாதியைச் சிந்திக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். இவள் அப்படியில்லை. புடவைத் தலைப்பை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். வாளியை முக்கால் மட்டும் மொண்டாள். பத்து வாளி இழுப்பாள், கொஞ்சம் உட்காருவாள். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இன்னொரு பத்து. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எதற்கும் யோசிக்காமல் செய்தாள்.

"எங்க கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்றேன்.

"நம்மூட்லதானுங்க."

"நம்மூட்ல மோட்டாரிருக்குதே."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "மோட்டாருக்குப் பொட்டு வெச்சுப்போட்டு நீங்க கம்பெனிக்குப் போயிருவீங்க. அன்னிக்குத்தான் நூறு எலை விழுகும் நம்மூட்ல. தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

"மொத நாளே புடிச்சு வெச்சிருப்பீங்கன்னு..."

"அது பத்து மணிக்கே தீந்துருமுங்க. பொறகு கொல்லைக் கெணத்துலதான். மொதல்ல நானும் உங்கம்மாவும். அவுங்க போன பொறகு நானும் வேலைக்கு வர்ற பொன்னாத்தாளும்."

"போன வருசமுமா?"

"போன வருசமுந்தான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க கேட்டிருக்கலாமுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பட்டிப் பக்கம் போய்விட்டாள்.

நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முப்பத்தேழு ஆயுத பூஜையையும் யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் மத்தியானம் நான் முதல் பந்தியில் உட்காருவேன். இலை கழுவியிருக்கும். டம்ளரில் தண்ணீர் இருக்கும். இருந்தது, குடித்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டே முக்கால் மணிக்கு எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டேன். குங்குமம் விரலில் ஒட்டியது. பம்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. என்னுடைய சட்டத்தை என் வாழ்நாளில் முதல் தடவையாக நானே மீறினேன். நெலிதா தூரத்திலிருந்து ஏதோ கத்திக் கையை உயர்த்தினாள். வீட்டில் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளங்கையிலிருந்து தலைப்பை அவிழ்த்து உதறிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 2, வியாழன்

கேமரா கோணம் இல்லை. நேற்றே எனக்குத் தெரியும்.

பிரசன்னாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது ஓடறதே இல்லீங்கப்பா. எடத்தை அடைச்சுட்டுக் கெடந்துது. பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க. நீங்க இங்க இருந்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..." அதோடு நிறுத்திவிட்டான்.

மீதியை நான் நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் அங்கே இருந்தால் கஷ்டம் என்றுதான் இந்த நாட்டைக் கண்டுபிடித்தான். காலண்டரைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருக்கிறான். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல பயம். அந்தப் பயத்தை அவனுக்கு ஊட்டியவன் நான்தான்.

ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

இனி என்ன செய்வது? ஊருக்குப் போனால் மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். கம்பெனிக்குப் போனால் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். இங்கே இருந்தால் நான் யார்? அந்தக் காலனியில் இன்னொரு கிழவன். கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நல்லதில் இருப்பது கெட்டதில் இருக்கிறது, கெட்டதில் இருப்பது நல்லதில் இருக்கிறது. அடித்து அடித்து எழுதியதில் காகிதம் கிழிந்துவிட்டது.

இவளைக் கேட்டேன், போயிடலாமா என்று. "திங்கக்கெழமை வக்கீலம்மா கேப்பாங்கல்ல, அப்பச் சொல்றேனுங்க" என்றாள்.

ரொட்டிக் கடைக்குத் தனியாக நடந்து போய் வந்தாள். கொய்யாப் பழக்கூழ் வைத்த ரொட்டி நான்கு. அதுதான் தனக்குப் பிடித்தது என்று கண்டுபிடித்துவிட்டாளாம்.

அக்டோபர் 6, திங்கள்

சில்வினா அலுவலகம். பதினொரு மணி.

காகிதங்கள் ஸ்பானிஷில் தயாராக இருந்தன. பழக்க தோஷம், நான் முதல் தாளை இழுத்து, கையெழுத்து இடத்தைத் தேடி விரலை வைத்தேன். "இங்க போடு புள்ள."

அவள் பேனாவை எடுக்கவில்லை. என் விரலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தாளை என் விரலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு வரியாகப் போனில் காட்டிப் படித்தாள். புரியாததை வக்கீலம்மாவிடம் கேட்டாள். கேட்டதில் பாதி ஸ்பானிஷ். இவள் இதை எப்போது கற்றாள்? முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் சுவரில் இருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

சில்வினா கேட்டாள்: "இதை விண்ணப்பதாரரிடம்தான் கேட்க வேண்டும். மயிலாத்தாள், நீங்கள் இங்கே வாழ விரும்புகிறீர்களா?"

அன்றைக்கு ரொட்டிக் கடையில் நின்ற மாதிரி நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பட்டென்று ஸ்பானிஷில் பதில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சில்வினா சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

"என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"ஒரு வருடம் இருந்து பார்க்கிறேன், பிடித்தால் மறு வருடம் சொல்கிறேன் என்கிறார். அதற்கு விதி இடம் கொடுக்குமா என்று கேட்கிறார். கொடுக்கும். உங்களைப் பற்றியும் கேட்டேன்."

"அதற்கு?"

"அவரைப் பற்றி அவரிடமே கேளுங்கள் என்றார்."

மயிலாத்தாள் தன் தாள்களில் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, முழுப் பெயர். நான் முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எப்போதும் அந்த நேரத்தில் நான் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

பிறகு இன்னொரு கட்டு. மேலே என் பெயர். முதன்மை விண்ணப்பதாரரின் கணவர். சில்வினா பேனாவை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். சொல்லப்போனால் எதையும் யோசிக்கவில்லை. இவள் போட்டுவிட்டாள், நானும் போட்டுவிடுகிறேன், அவ்வளவுதான். சித்திரையில் போட்ட மாதிரியே. இடம் எங்கே என்று இவளைப் பார்த்தேன்.

இவள் விரலை வைத்துக் காட்டவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றாள்.

முப்பத்தேழு வருடத்தில் நான் அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. என் மகன் என்னிடம் சொல்லாத வார்த்தை. கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சில்வினா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்றாள்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "நான் போறேன்னா நீ தனியா இருப்பியா?" என்று கேட்டேன்.

"இருந்து பாக்கோணுமுங்க" என்றாள். கொஞ்சம் நின்று, "நீங்க இருந்தா நல்லாருக்கும். ஆனா அது நீங்க படிச்சு முடிச்ச பொறகு" என்றாள்.

அக்டோபர் 8, புதன்

இன்று ஊருக்கு விமானம் இருந்த நாள். ஏறவில்லை. காலையில் மயிலா குழலை என் பக்கம் நீட்டினாள். சூடாக இருந்தது, கசந்தது, குடித்தேன். சில்வினா தந்த தாளைப் போனில் காட்டி மூன்றாம் பத்தி வரை படித்திருக்கிறேன்.